அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஆண், பெண் எல்லோரும் இடுப்பில் கத்தியோடு திரிந்தார்களாமே, அவ்வளவு முரடர்களா?

ஏதோ படம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முரட்டுத்தனம் இல்லைங்க, சாப்பாட்டுக்கு. விருந்துக்குக் கூப்பிட்டவர் ஆளுக்கொரு கத்தி எடுத்துவைக்க மாட்டார். அவரவர் கத்தியை அவரவர்தான் உறையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். இறைச்சியை அதிலேயே நறுக்கி, நுனியில் குத்தி வாயில் போடுவது. இங்கிலாந்தில் முள்கரண்டி பரவியதே 17ஆம் நூற்றாண்டில்தான். கல்யாணப் பெண்ணுக்கு ஜோடிக் கத்தி கொடுக்கும் வழக்கம்கூட இருந்தது. குத்துவெட்டே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 1669இல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி கூர்நுனிக் கத்திக்குத் தடை போட்டது சும்மா இல்லை.

நான் பதில் எழுத வந்த காரணம் வேறு. என் அப்பா சாணை பிடிப்பவர். மதுரைத் தெருக்களில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துக் கல்லைச் சுற்றவிட்டு, அருவாமனையும் கத்திரிக்கோலும் தீட்டித்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தார். கல்லூரியில் யாராவது கேட்டால் "அப்பா சொந்தத் தொழில்" என்று சொல்லிவிடுவேன்.

மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகருக்குப் போனேன். அங்கே போர்ட்டர் ஓடைக் கரையில் ஷெப்பர்ட் வீல் என்று ஒரு பழைய சாணைப் பட்டறை இருக்கிறது. 1584லேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, உள்ளே வரிசையாகச் சாணைக்கற்கள் சுற்றும். கல்லுக்குப் பின்னால் குதிரைச் சேணம் மாதிரி ஒரு மரக்கட்டை. அதில் காலை அகட்டி உட்கார்ந்து, குனிந்து தீட்ட வேண்டும். செய்துகாட்டிய பெரியவர் கத்தியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்துப் பார்த்தார். வழுக்கினால் இன்னும் மொண்ணை, நகத்தைப் பிடித்தால் கூர். அப்பா செய்வது அச்சு அசல் அதேதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்த ஊரில் 1624இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டே கத்தித் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். ஏழு வருஷம் தொழில் பழக வேண்டும். பிறகு தனக்கென்று ஒரு முத்திரையைப் பதிவு செய்து, செய்கிற கத்தியில் அடிக்க வேண்டும். கத்தி அப்போது கடல் தாண்டியும் விலைபோன சரக்கு. 1670இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற ஆங்கில வணிக நிறுவனம், கனடாவில் பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த பொருள்களில் கத்தியும் உண்டு. ஆனால் தீட்டியவர்களில் எத்தனையோ பேர் கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமியே செத்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் அந்த இருமல் இருக்கிறது.

இப்போது நான் இருக்கும் சென்னை அடுக்ககத்தில் சாணைக்காரரை உள்ளே விடுவதில்லை. வாட்ஸப் குழுவில் கேட்டால், "கத்தியும் கையுமாக வருகிற ஆளை எப்படி விடுவது?" என்கிறார்கள். அவர் கொண்டுவருவது கல்தான், கத்தி நம் வீட்டில்தான் இருக்கிறது என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் குரல் கேட்டதும், எங்கள் அருவாமனையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நானே போய் நின்றேன்.