காய்ந்தும் காயாத மை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல ஆண்டுகளாகக் காகிதக் கைவினையும் அக்ரிலிக் ஓவியமும் செய்து வருகிறேன். சென்ற மாதம்தான் முதன்முறையாக ஆல்கஹால் மை வாங்கினேன். காணொளிகளில் ஒரு சொட்டு விழுந்ததும் பூப்போல விரிகிறது. எனக்கோ அது கனத்த ஓவியத் தாளில் விழுந்த இடத்திலேயே ஊறிப்போய் நின்றது. பிறகு பளபளப்பான வெள்ளை டைல்களுக்கு மாறினேன். முதல் டைல் தொடக்கத்தில் அழகாகவே இருந்தது. ஒவ்வொரு நிறமும் காய்ந்தபின் அதன்மேல் அடுத்ததை விட்டுக்கொண்டே போனேன். கடைசியில் எல்லாம் சேர்ந்து சேற்று நிறமாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை மருந்துக் கடையில் வாங்கிய 70 சதவீத ஆல்கஹாலை விட்டுத் திருத்தப் பார்த்தேன். மங்கிய திட்டுகளே மிஞ்சின. நான்காவதில் இரண்டு நீலங்களை மட்டும் விட்டிருந்தபோது தொலைபேசி அழைத்தது. திரும்பி வந்து பார்த்தால் அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருந்தது. இரண்டு நாள் காயவிட்டு, பாதுகாப்புக்காகத் தூரிகையால் வார்னிஷ் பூசினேன். நீலம் முழுவதும் கரைந்து தூரிகையோடு வந்துவிட்டது.

எங்கே தவறினேன்? இன்னொரு கேள்வியும் உண்டு. மை தானாக ஓடித் தானாக நிற்கிறது என்றால், அதில் என் கைக்கு என்ன வேலை? அந்த நான்காவது டைலை ‘நான் செய்தது’ என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

தாளையும் மூன்றாவது டைலையும் தனியாக வைத்துவிட்டால், மற்ற விபத்துகள் எல்லாம் ஒரே விபத்துதான். அக்ரிலிக்கில் பழகிய கை, காய்ந்த நிறம் இனி அசையாது என்று நம்புகிறது. அங்கே அது சரியான நம்பிக்கை. அக்ரிலிக்கில் நீர் ஆவியாகும்போது பாலிமர்த் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் அவை பிரிந்து வருவதில்லை. ஆல்கஹால் மையில் அப்படிப்பட்ட மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. ஆல்கஹாலில் கரைந்த சாயமும், பரப்பைப் பற்றிக்கொள்வதற்கான சிறிதளவு பிசினுமே அந்த மை. ஆல்கஹால் பறந்துபோனதும் சாயம் அங்கேயே தங்குகிறது; மறுபடி ஆல்கஹால் பட்டால், இரண்டு நிமிடம் ஆகியிருந்தாலும் இரண்டு நாள் ஆகியிருந்தாலும், மறுபடி கரைகிறது. நீர்வண்ணக்காரர்கள் இந்த மைக்கு வரும்போது உங்களைவிடக் குறைவாகவே திகைக்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன். காய்ந்த நிறத்தை ஈரத் தூரிகையால் கிளப்பி எடுத்துப் பழகியவர்கள் அவர்கள்.

இப்போது உங்கள் முதல் டைலுக்கு வருவோம். நீங்கள் காய்ந்த நீலத்தின் மேல் ஆரஞ்சை விட்டதாக நினைத்தீர்கள். உண்மையில் அந்தச் சொட்டு கீழே இருந்த நீலத்தை மறுபடி கரைத்துத் திறந்துவிட்டு அதனோடு ஒரே குட்டையில் கலந்தது. அடுத்து வந்த பச்சை அந்த இரண்டையும் திறந்தது. அக்ரிலிக்கில் ஆறு அடுக்கு என்றால் ஆறு அடுக்கு. இங்கே ஆறாவது சொட்டு விழும்போது முதல் ஐந்தும் அதனுடன் சேர்ந்து நனைகின்றன. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று மங்கச் செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதல் சில வாரங்களுக்கு ஒரு நிறம், அல்லது நீலமும் ஊதாவும்போல அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள், அவற்றுடன் நிறமற்ற ஆல்கஹால் என்ற அளவில் நின்றுகொள்ளுங்கள். வெண்மையை டைலே கொடுக்கும். அதை மூடிவிடாமல் காப்பதுதான் வேலை.

தாள் ஏமாற்றியதற்குக் காரணம் எளியது. மரக்கூழ்த் தாளின் இழைகள் மையை உறிஞ்சிக்கொள்கின்றன, அது ஓடுவதற்கு இடமே இல்லை. மேலேயே நின்று நகர வேண்டுமானால் உறிஞ்சாத பரப்பு வேண்டும்: மெருகிட்ட பீங்கான், கண்ணாடி, உலோகம், அல்லது யூப்போ என்ற பெயரில் வரும் தாள். பெயர்தான் தாள், உண்மையில் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கையில் வழுவழுப்பாக இருக்கும், கிழிக்கப் பார்த்தால் கிழியாது, சூடான காற்றை ஒரே இடத்தில் காட்டினால் நெளிந்துவிடும். எந்தப் பரப்பானாலும் தொடங்கும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் (மருந்துக் கடையில் கிடைக்கும் அதே வகை) துடைத்துவிட்டு ஓரங்களை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் படிந்த இடத்தை மை சுற்றிக்கொண்டு போகும். உங்கள் கட்டைவிரல் ரேகை வெள்ளையாகத் தெரியும்.

உங்கள் 70 சதவீத ஆல்கஹாலில் மீதி முப்பதும் பெரும்பாலும் நீர். ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாக, பின்தங்கிய நீர் துளித்துளியாகத் திரண்டு நின்று சாயத்தை ஒழுங்கில்லாமல் விட்டுச் செல்கிறது. நீங்கள் பார்த்த மங்கல் திட்டுகள் அவைதாம். 91 அல்லது 99 சதவீதம் வாங்குங்கள். அந்த 91 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்து நான் வெகுநாள் வியந்திருக்கிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் நீரையும் கொதிக்கவைத்துப் பிரிக்கும்போது, கன அளவில் ஏறத்தாழ 91 சதவீதத்தை எட்டியதும் இரண்டும் ஒரே விகிதத்தில் சேர்ந்து ஆவியாகத் தொடங்கிவிடுகின்றன. சாதாரண வாலைவடிப்பால் அதற்குமேல் போக முடியாது. 99 வேண்டுமென்றால் வேறு வழிகளில் நீரைப் பிரித்தாக வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். சுத்தமான டைலில் ஒரே ஒரு சொட்டு நீலம் விட்டு, அது காயும்வரை தொடாமல் பாருங்கள். வட்டமாகப் பரவி, சட்டென்று ஓரிடத்தில் நிற்கும். நின்ற விளிம்பு மெல்லிய கோடாகக் கறுக்கும். இப்போது அதன் நடுவில் நிறமற்ற ஆல்கஹாலை ஒரு சொட்டு விடுங்கள். நீலம் விலகி ஓடும், நடுவில் வெளிறிய வட்டம் திறக்கும், தள்ளப்பட்ட சாயம் இன்னொரு கோடாக விளிம்பில் ஒதுங்கும். மூன்று சொட்டுகளுக்குப் பின் அது மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் இருக்கும்.

விளிம்பு கறுப்பது காபிக் கறையின் ஓரம் கறுப்பது போன்றதுதான். துளியின் மெலிந்த ஓரத்தில் ஆவியாதல் விரைவு. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும்போது நிறத்தையும் சுமந்துபோகிறது. இத்தனை காலம் எல்லோர் மேசையிலும் இருந்த இந்தக் கறைக்கு முறையான விளக்கம் 1997இல்தான் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இதோடு இன்னொரு விசையும் வேலை செய்கிறது. திரவத்தின் மேற்பரப்பில் இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்தை நோக்கி ஓட்டம் உண்டாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மாரங்கோனியின் பெயரால் இதை அழைக்கிறார்கள். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுடையது 22க்கும் குறைவு. இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் ஆல்கஹாலில் சிறிது நீர் கலந்திருந்தாலும் ஓட்டத்தின் குணம் மாறிவிடுகிறது.

ஆக, மை தானாக ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு சாயத்துக்கு எவ்வளவு ஆல்கஹால், டைலை எந்தப் பக்கம் சாய்ப்பது, காற்றை எங்கிருந்து செலுத்துவது, எந்த நொடியில் விலகிக்கொள்வது என்பவையெல்லாம் யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டியவை. நான்காவது டைலில் கடைசி முடிவைத் தொலைபேசி எடுத்தது என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அந்த இரண்டு நீலங்களைத் தேர்ந்தவர் நீங்கள்தானே? திரும்பி வந்தபின் மூன்றாவது நிறத்தைச் சேர்க்காமல் விட்டவரும் நீங்கள்தான். முதல் இரண்டு டைல்களில் உங்களுக்கு வராமல்போனது அந்த விடுதல்தான். ஈரம் பளபளவென்று இருக்கும்போதே ‘இன்னும் ஒன்று’ என்று கை போகும். அப்போது சொட்டுக்குப்பிக்கு மூடி போட்டுவிடுவது என் வழக்கம். சிறுபிள்ளைத்தனமான தந்திரம்தான், ஆனால் மூடியைத் திருகும் நேரத்தில் மை காய்ந்துவிடுகிறது.

வார்னிஷைப் பொறுத்தவரை நானும் உங்கள் வரிசையில் நிற்பவன். பரிசளிப்பதற்காக ஒரு வாரம் செலவிட்டுச் செய்த கண்ணாடித் தட்டு ஒன்றை நான் தூரிகையால் கெடுக்கவில்லை. ஸ்பிரே டப்பாவை மிக அருகில் பிடித்து ஒரே மூச்சில் அடித்துக் கெடுத்தேன். வார்னிஷ் தேங்கிய இடத்திலெல்லாம் அதிலிருந்த கரைப்பான் சாயத்தைத் திறந்துவிட்டது. ஸ்பிரேதான் அடிக்க வேண்டும், ஆனால் ஓரடி தள்ளி நின்று, பனி படிவதுபோல மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என்று மூன்று நான்கு முறை. பலர் முதலில் கமார் என்ற பெயரில் வரும் ஸ்பிரே வார்னிஷை அடித்து, அதன்மேல் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்றை அடிக்கிறார்கள். இந்த மைகளில் பெரும்பாலானவை சாயங்கள் என்பதால் வெயிலில் வெளிறும். பூச்சு அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது, எனவே சன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். எந்தப் பூச்சையும் முதலில் கெட்டுப்போன டைலில் சோதித்துப் பாருங்கள். உணவோ உதடோ படும் இடத்தில் இந்த மை வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 12 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. அதாவது சாதாரண அறையில் அது எப்போதும் தயாராக இருக்கிறது. சன்னல்களைத் திறந்து வையுங்கள், விளக்கோ அடுப்போ அருகில் வேண்டாம். தேங்கி நிற்கும் ஆல்கஹாலின்மேல் கடும் சூட்டுக் காற்றை வீசும் ஹீட் கன்னைக் காட்டாதீர்கள். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்தால் போதும். உறிஞ்சுகுழலால் ஊதுபவர்கள் அடுத்த மூச்சை இழுப்பது அந்த ஆவியிலிருந்துதான். கையால் அமுக்கும் ரப்பர் ஊதியைப் பயன்படுத்துங்கள். மையைக் கொளுத்தி வடிவம் வரவழைக்கும் காணொளிகளும் உண்டு. அவற்றைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையுறை இல்லாவிட்டால் விரல்களின் நீலம் சில நாள் இருக்கும்.

சேற்று நிறமாகிப்போன அந்த முதல் இரண்டு டைல்களைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவற்றின்மேல் வார்னிஷ் இல்லை அல்லவா? 91 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். யூப்போவாக இருந்தால் சிறிது கறை தங்கும். மெருகிட்ட டைல் வெள்ளையாகத் திரும்பி வந்துவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்