யார் யார் கையெழுத்திட்டார்கள்?

அன்புள்ள ஐயா,

பல்லடத்தை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் பற்றிய பாடத்தில் பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் சென்ற வாரம் ஒரு மாணவன், "ஒருத்தரே கெட்டியா இருந்து எல்லாத்தையும் வெரசா முடிச்சுட்டா நல்லதுதானுங்களே டீச்சர்?" என்று கேட்டான். பாதி வகுப்பு தலையாட்டியது. வதைமுகாம் படங்களைக் காட்டினேன். இரக்கப்பட்டார்கள், கேள்வி மட்டும் அப்படியே நின்றது. இதை எப்படிக் கற்பிப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவனை நீங்கள் அதட்டி உட்கார வைக்கவில்லை என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. ஒரு சான்றிதழுக்காகத் தன் தகப்பனார் எத்தனை முறை தாலுகா அலுவலகத்துக்கு நடக்கிறார் என்று பார்த்து வளரும் பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. 1932இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்று நின்ற ஏறத்தாழ அறுபது லட்சம் பேரில் பலருக்கும் அப்படித்தான் தோன்றியது.

வதைமுகாம் படங்கள் கதையின் முடிவைக் காட்டுகின்றன. முடிவை முதலில் பார்த்துவிட்ட பிள்ளை, இவ்வளவு பெரிய கொடுமையைத் தொடக்கத்திலேயே எவரும் அடையாளம் கண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. ஆகவே முடிவைச் சிறிது காலம் மறைத்து வையுங்கள். ஹிட்லரின் குணத்தையும் பேச்சாற்றலையும் கூட ஒதுக்கிவிட்டு, அவருக்கு வழிவிட்டவர்கள் எந்தெந்தத் தாளில் கையெழுத்திட்டார்கள், எதில் கையெழுத்திட மறுத்தார்கள் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளிலும் நிறுத்தி, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.

இத்தாலியில் தொடங்கலாம். 1921 தேர்தலில் முசோலினியின் பாசிசக் கட்சிக்குக் கிடைத்தவை 535 இடங்களில் 35 மட்டுமே. மறு ஆண்டு அக்டோபரில் அவருடைய கருஞ்சட்டைப் படையினர் ரோமை நோக்கித் திரண்டபோது, அவர்களைத் தடுக்க இராணுவச் சட்டத்தைப் பிறப்பிக்கும் ஆணையை அமைச்சரவை எழுதி எடுத்துச் சென்றது. மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்திடவில்லை. மிலானில் காத்திருந்த முசோலினி இரவு ரயிலேறி வந்து பிரதமரானார். 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பாசிச அரசுக்கு விசுவாச உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தபோது, ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் அளவினரே.

ஜெர்மனிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். 1928இல் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்றது 2.6 சதவீத வாக்கு. 1932 ஜூலையில் 37 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 33ஆகக் குறைந்தது. சரியத் தொடங்கிய அந்தக் கட்சியின் தலைவரை 1933 ஜனவரி 30 அன்று சான்சலராக, அதாவது அரசின் தலைமை அமைச்சராக, நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து மூன்றே நாஜிகள் இருந்ததால், அவரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முன்னாள் சான்சலர் ஃபான் பாப்பன் போன்ற பழைமைவாதிகள் கணக்கிட்டார்கள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே பேச்சுரிமையையும் தனிமனித உரிமையையும் நிறுத்திவைத்த ஆணையில் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்டார். அதற்கு வழி தந்தது நெருக்கடிக் காலத்தில் குடியரசுத் தலைவர் தாமே ஆணை பிறப்பிக்க இடமளித்த, அந்நாட்டு அரசியலமைப்பின் 48ஆவது பிரிவு. மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தைக் கேளாமலே அமைச்சரவை சட்டம் இயற்றலாம் என்ற சட்டம் 444 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். மண்டபத்துக்குள் சீருடையணிந்த நாஜிப் படையினர் நின்றிருக்க, சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து, எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்று பேசினார். அந்தப் பேச்சை வகுப்பில் ஒரு பிள்ளையை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லுங்கள். வயது வந்த மனிதர் ஒருவர் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே எழுந்து பேசினார் என்பது அந்த வயதில் ஆழமாகப் பதியும்.

வெரசாக முடித்தால் நல்லதுதானே என்ற கேள்விக்கு உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. உங்கள் மாணவர்களில் பலர் விசைத்தறிக் கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் உழைப்பவர்களின் பிள்ளைகளாக இருப்பார்கள். கூலி உயர்வுக்காகத் தறிகள் நிற்பதும், பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போவதும், அந்த நாட்களில் வீட்டில் பணமில்லாமல் போவதும் அவர்களுக்குத் தெரியும். 1933இல் ஹிட்லர் அரசு மே 1ஐ ஊதியத்துடன் கூடிய விடுமுறையாக்கிப் பெரும் விழா எடுத்தது. மறுநாள் காலை தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் கைதானார்கள். அதே மாதத்தில், கூலியை முடிவு செய்யும் அதிகாரம் அரசு நியமித்த அதிகாரிகளுக்குப் போயிற்று. வேலையின்மை சில ஆண்டுகளில் பெரிதும் குறைந்தது உண்மைதான். இதை மறைக்காதீர்கள், மறைத்தால் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு உங்களை நம்ப மறுப்பார்கள். அதில் பெரும்பங்கு போருக்கான ஆயுத உற்பத்தி என்பதையும், கூலி போதவில்லை என்று சொல்ல ஒரு சங்கமும் மிஞ்சவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இழுத்துக்கொண்டே போகும் அந்தப் பேச்சுவார்த்தைதான் அங்கே முதலில் வெரசாக முடிக்கப்பட்டது.

இன்றைய தலைவர் எவரையும் நீங்கள் ஒப்பிட்டுப் பேச வேண்டியதில்லை. பிள்ளைகள் தாமாகவே ஒப்பிடுவார்கள். அப்போது எந்தத் தாள், யார் கையெழுத்து என்று சான்று கேளுங்கள், எந்தக் கட்சியின் பிள்ளையாக இருந்தாலும் ஒரே அளவுகோலில்.

நம் நாட்டின் தாளையும் காட்டாமல் விடாதீர்கள். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டபோது அமைச்சரவை கூடியிருக்கவில்லை. மறுநாள் காலையில்தான் கூடி ஒப்புக்கொண்டது. 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தின் மாநில அரசு கலைக்கப்பட்டது. அதை நேரில் கண்ட தாத்தா பாட்டிகள் உங்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வருவது நல்ல வீட்டுப்பாடம். பேருந்துகள் நேரத்துக்கு ஓடின என்று அவர்கள் சொன்னாலும் அதையும் எழுதட்டும். பிறகு நம் அரசியலமைப்பின் 1978ஆம் ஆண்டு 44ஆவது திருத்தத்தைப் படியுங்கள். இனி அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் அந்தப் பிரகடனத்தை வெளியிட முடியாது. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. ஜெர்மனியின் 48ஆவது பிரிவை ஒரு பக்கமும் இதை மறுபக்கமும் கரும்பலகையில் எழுதி, எது எதை அடைக்கிறது, எது இன்னும் திறந்திருக்கிறது என்று அந்த மாணவனையே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.