சேலத்தில் வீட்டுக்கோழி முட்டை ஓடு மெல்லிசாகவும் மஞ்சள்கரு வெளிறியும் வருகிறது. என்ன சத்து மருந்து கொடுக்கலாம்?

20 முட்டைக்கோழி, லேயர் தீவனத்தோடு மரவள்ளித் திப்பியும் (மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) பழைய சோறும், ஒரு மாதமாகக் கால்சியம் டானிக். அப்படியும் ஓடில்லாத தோல்முட்டை விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டானிக்கை ஓரமாக வைத்துவிட்டு முதலில் திப்பிக்குக் கணக்குப் போடுங்கள்.

ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2.2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் ஏறக்குறைய பாதிதான் கோழியின் உடம்பில் ஒட்டும் என்பதால், தினம் முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் தேவை. நல்ல லேயர் தீவனத்தில் 3.8 சதவீதம் கால்சியம் இருக்கும். 110 கிராம் தின்றால் 4.2 கிராம் கிடைத்துவிடும். அதில் 40 கிராமைத் திப்பியும் சோறும் பிடித்துக்கொண்டால் மீதி 70 கிராமில் கிடைப்பது 2.7 கிராம்தான். புரதமும் கூடவே இறங்கும். திப்பி மலிவு, சேகோ ஆலைப் பக்கம் எளிதாகக் கிடைக்கும், வயிறும் நிறையும். ஆனால் அதில் மாவுச்சத்தையும் நாரையும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. கோழிக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம், அதையும் நன்றாகக் காயவைத்தே போடுங்கள்.

அடுத்தது கால்சியத்தின் வடிவமும் நேரமும். ஓடு உருவாக 20 மணி நேரம் ஆகும். பெரும்பகுதி இரவில், கோழி தீவனம் எடுக்காமல் அடைந்திருக்கும்போது நடக்கிறது. காலையில் தண்ணீரில் கலந்து விட்ட டானிக்கோ மாவான சுண்ணாம்புத் தூளோ இரவு வரை நிற்காது. 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கிளிஞ்சல் நொறுக்கு அரைவைப்பையில் தங்கி இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எனவே மாலை 3 மணிக்கு மேல், தீவனத்தில் கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். 20 கோழிக்கு 60 முதல் 100 கிராம் போதும்; தேவைப்பட்டது தேவையான அளவு கொத்திக்கொள்ளும். இன்னும் முட்டைக்கு வராத விடலைக் கோழிகளுக்கு இந்தத் தட்டு எட்டக்கூடாது, சிறுநீரகம் கெட்டுவிடும்.

சேலத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வெள்ளையாக இருக்கிற கல்லெல்லாம் சுண்ணாம்புக்கல் இல்லை. இங்கே வெட்டுகிற வெள்ளைக்கல் மேக்னசைட். அதையோ டோலமைட்டையோ பொடித்துப் போட்டால் மக்னீசியம் கூடி, எச்சம் நீராகப் போகும், ஓடு இன்னும் மெலியும்.

சித்திரை வெயிலில் இன்னொரு காரணம் சேரும். கோழி வாய் திறந்து இரைக்கும்போது கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட் ரத்தத்தில் குறைகிறது. கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் குறை தீராது. கிலோ தீவனத்துக்கு 2 கிராம் ஆப்பசோடா கலக்கலாம், அந்த நாட்களில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரும், விடிகாலையிலும் சாயங்காலத்திலும் தீவனமும் அதைவிட முக்கியம். ஏற்காட்டுப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. அங்கே மூடுபனி நாட்களில் கோழி கொட்டகைக்குள்ளேயே கிடப்பதால் வெயில் படாது. கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும், வெயில் பட்டால் அது தானே உண்டாகும். வைட்டமின் டி3 உள்ள பிரீமிக்ஸ் (தீவனத்தில் கலக்கும் சத்துக் கலவை) அப்போதுதான் நிஜமாகவே வேலை செய்யும்.

மஞ்சள்கரு நிறத்துக்கு மருந்தே வேண்டாம். திப்பியிலும் அரிசியிலும் நிறமி கிடையாது, வெளிறியதற்கு அதுதான் காரணம். மஞ்சள் மக்காச்சோளம், கோழிக்கு 20 கிராம் முருங்கை அல்லது அகத்திக்கீரை கொடுத்தால் பத்து நாளில் நிறம் ஏறும். கரு வளர அத்தனை நாள் ஆகிறது. (நிறம் ஏறினால் சத்து கூடிவிட்டது என்று சொல்லி விற்பது வியாபாரம்.) மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடாதீர்கள், சயனைடு உண்டு. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கூடாது, முட்டை வைத்திருக்கும்போது கரு பச்சை பாய்ந்துவிடும்.

இரண்டு மூன்று வாரம் இப்படிக் கொடுத்தும் மாறவில்லை என்றால், ஓட்டில் சுருக்கமும் வெள்ளைக்கரு தண்ணீராகவும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மூச்சுக்குழல் அழற்சி நோயின் விளைவாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடலைப் புண்ணாக்கோ மக்காச்சோளமோ பூசணம் பிடித்திருக்கும் சந்தேகம் இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி கொடுத்து அஃப்ளாடாக்சின் என்ற பூசண நச்சின் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை அந்த மூட்டையைத் தொடவேண்டாம்.