பயப்பட வேண்டியது மாத்திரைக்கு அல்ல, கடனுக்கு

கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அமெரிக்காவிலிருக்கும் தாய்மாமன், "இங்கே வந்து ஃபார்ம்.டி. படிக்கட்டும்" என்கிறாராம். அங்கே மருந்தாளுநர் ஆவதற்கான படிப்பு அது. அவர் அனுப்பிய கல்லூரி விதிமுறையில், மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் சிறுநீரில் போதைமருந்துப் பரிசோதனை உண்டு என்றிருந்தது. பெண் சின்ன வயதிலிருந்தே வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடுகிறாள். "மாட்டிக்கொள்வாளா சார்?" என்று கேட்ட அம்மாவின் கையில் மாத்திரை அட்டை கசங்கிப் போயிருந்தது.

அம்மா, அதற்குப் பயப்படாதீர்கள். அந்தச் சோதனையில் பார்பிட்டுரேட் வகை மருந்துகளையும் பார்ப்பது வழக்கம்; ஃபீனோபார்பிட்டோனும் அந்த வகைதான். மாத்திரை தெரியத்தான் செய்யும். ஆனால் முடிவைச் சரிபார்க்கும் டாக்டர் அவளைக் கூப்பிட்டு மருந்துச்சீட்டு கேட்பார். சீட்டு சரியாக இருந்தால் 'நெகட்டிவ்' என்றே எழுதுவார். மார்ஃபீன் அலமாரிச் சாவி கையில் வரப்போகிறவர்களுக்கு இப்படியொரு சோதனை நியாயம்தான்.

மாமாவின் திட்டம்தான் வேண்டாம் என்கிறேன். படிப்பு நான்கு வருடம், அதற்கு முன்படிப்பு தனி. இதற்காக இருக்கிற தேயிலைத் தோட்டத்தை அடகு வைப்பதா? பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் விழும் என்று உங்களுக்கே தெரியாது. வட்டி மட்டும் தவறாமல் வரும். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கடனைக் கட்டப்போவது அவரில்லை.

அவளிடம் தனியே பேசினேன். ஹட்டியில் (படகர்கள் தங்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) வயதானவர்களுக்கு மாத்திரை பிரித்துக் கொடுப்பது அவள்தானாம். காலை மாத்திரைக்கு மஞ்சள் நூல், ராத்திரி மாத்திரைக்குக் கறுப்பு நூல் கட்டிவிடுவாளாம். அமெரிக்கா பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வெறும் டிப்ளமோ" என்று சொந்தக்காரர்கள் ஒதுக்கும் டி.ஃபார்ம்., அதாவது மருந்தாளுநர் டிப்ளமோ, அவளுக்கென்றே அமைந்தது. இரண்டு வருடப் படிப்பு. அப்புறம் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி; அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். டாக்டரின் கிறுக்கலைப் படிப்பது, அளவு இடித்தால் கொடுக்காமல் டாக்டரிடமே கேட்பது, சட்டம் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கும் ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்கு நோயாளி பெயரும் டாக்டர் பெயரும் எண்ணிக்கையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் காப்பது, மலைக்குளிர்தானே என்று இன்சுலினை ஜன்னலோரம் விடாமல் 2 முதல் 8 டிகிரிக்குள் வைப்பது எல்லாம் அங்கேதான் கைவரும். மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால் அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம், சொந்தக் கடையும் வைக்கலாம். மேலே படிக்க ஆசை வந்தால் பி.ஃபார்ம். பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் வருடத்திலேயே சேரலாம்.

பணம் கட்டும் முன் கல்லூரிக்கு இந்த வருட அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குப் போகும்போது ராத்திரி டூட்டி மட்டும் வேண்டாம். தூக்கம் கெட்டால் வலிப்பு திரும்பும்.