கலவையில் மட்டும் கணக்கு ஏன் பிசகுகிறது?

ஊட்டியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: “13எக்ஸ் என்ற நுண்துளைக் கனிமமான ஜியோலைட்டில் புரப்பேன், பியூட்டேன் இரண்டின் பரப்புக் கவர்தலையும், அதாவது எவ்வளவு ஒட்டுகிறது என்பதை, தனித்தனியாக அளந்தேன். அழுத்தத்தையும் ஒட்டும் அளவையும் இணைக்கும் லாங்மியூர் சமன்பாடு அழகாகப் பொருந்துகிறது. இரண்டையும் கலந்து ஜியோலைட் நிரப்பிய குழாயில் விட்டால், ஹீலியத்தால் நன்றாக நீர்த்தபோது மட்டும் கணக்கு சரியாக வருகிறது. நீர்க்காமல் விட்டால் கணக்கைவிட அதிகப் புரப்பேன் ஒட்டுகிறது. எங்கே தப்பு?”

கலவைக்கும் அதே லாங்மியூர் வாய்பாட்டை எடுத்து, பின்னத்தின் கீழே உள்ள பகுதியில் இரண்டு வாயுக்களின் உறுப்புகளையும் கூட்டிப் போட்டிருப்பீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதுதான். ஆனால் எந்த மூலக்கூறு வந்தாலும் ஓர் இடம்தான் பிடிக்கும், மொத்த இடங்களும் இரண்டுக்கும் சமம் என்ற அனுமானம் அந்த வாய்பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும்வரை யார் குண்டு, யார் ஒல்லி என்று எவரும் பார்ப்பதில்லை. கூட்டம் ஏறிவிட்டால் மிஞ்சும் இடுக்கில் சின்னப் பிள்ளைதான் உட்கார முடியும். மூன்று கார்பன் புரப்பேன்தான் அந்தப் பிள்ளை. பியூட்டேன் இறுக்கமாக ஒட்டும், ஆனால் பருமன் அதிகம். ஒரு கிராம் ஜியோலைட்டில் நிறையும் மோல் அளவு குறைவு. அழுத்தம் ஏற ஏறப் புரப்பேனின் பங்கு கூடுவது இதனால்தான். உங்கள் வாய்பாட்டிலோ பிரிதிறன், அதாவது ஒரு வாயுவை விட மற்றொன்று எத்தனை மடங்கு விரும்பி ஒட்டுகிறது என்பது, எந்த அழுத்தத்திலும் மாறாத ஒரே எண்.

மயர்ஸும் பிராஸ்னிட்ஸும் 1965-இல் வெளியிட்ட ஐ.ஏ.எஸ்.டி. (ஐடியல் அட்சார்ப்டு சொல்யூஷன் தியரி) முறைக்கு மாறுங்கள். ஒட்டிய அடுக்கை ஒரு கரைசலாகப் பாவிக்கும் முறை அது. ஒவ்வொரு வாயுவுக்கும், ஒட்டிய அளவை அழுத்தத்தால் வகுத்து, பூஜ்யத்திலிருந்து ஒரு கற்பனை அழுத்தம் வரை தொகையிட வேண்டும். லாங்மியூருக்கு இது சுலபம்: நிறைவளவை (ஒட்டக்கூடிய உச்ச அளவை), ஒன்றோடு லாங்மியூர் மாறிலி-அழுத்தப் பெருக்கலைக் கூட்டி எடுத்த இயல்மடக்கையால் பெருக்கினால் போதும். இரண்டு தொகைகளும் சமமாக வேண்டும். கலவையில் ஒவ்வொரு வாயுவின் பங்கான பகுதி அழுத்தத்தை அந்தந்தக் கற்பனை அழுத்தத்தால் வகுத்தால் ஒட்டிய அடுக்கில் அதன் மோல் பின்னம் கிடைக்கும். இரண்டு பின்னமும் சேர்ந்து ஒன்று ஆக வேண்டும். பைத்தானில் இருபது வரிக்குள் முடிந்துவிடும்.

பலர் வழுக்கி விழும் இடம் இனிதான் வருகிறது. புரப்பேனின் கற்பனை அழுத்தம் உங்கள் மொத்த அழுத்தத்தைத் தாண்டிப் போகும். அதனால் தனிப் புரப்பேனைக் கலவையின் அழுத்தத்தோடு நிறுத்தாமல் அதற்கு மேலும் அளந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அளக்காத பகுதியை உங்கள் சமன்பாடு ஊகித்துக்கொள்ளும். பியூட்டேனுக்கு நேர்மாறு: மிகக் குறைந்த அழுத்தப் புள்ளிகளே தொகையைத் தீர்மானிக்கின்றன. அங்கே நாலைந்து புள்ளி கூடுதலாக எடுங்கள்.

அப்புறம், நீங்கள் இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில். குழாயின் மறுமுனை வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தால் உள்ளே அழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். பாடநூல் பழக்கத்தில் 101 போட்டிருந்தால் பகுதி அழுத்தங்கள் எல்லாமே ஏறக்குறைய முப்பது சதவீதம் உயர்ந்து நிற்கும். கீழே கோவையில் யாரோ எடுத்த எண்களோடு ஒப்பிடும்போதும் இதைக் கவனியுங்கள்.

ஈரம் இன்னொரு தொல்லை. 13எக்ஸில் சோடியம் அயனிகள் நிறைய. ஹைட்ரோகார்பனைவிடத் தண்ணீரைத்தான் முதலில் பிடிக்கும். ஊட்டி மூடுபனியில் சொல்லவே வேண்டாம். சூடாக்கி ஆறியதைத் திறந்த தட்டில் தராசில் வைத்துப் பாருங்கள், எண் நிற்காமல் ஏறும். அதனால் குழாயில் நிரப்பிய பிறகே, உலர் ஹீலியம் ஓடும்போது, 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு முழுக்கச் சூடாக்குங்கள். ஆறும் வரை ஹீலியத்தை நிறுத்தாதீர்கள்.