லேப்டாப்பில் ஒரு விடை, லேபில் வேறு விடை

கேள்வி: வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். புரோகிராமிங் முறையாகப் படித்ததில்லை. சீனியர் கொடுத்த பைத்தான் புரோகிராமில் அங்கங்கே மாற்றி ஓட்டுகிறேன். அதே புரோகிராம், அதே டேட்டா. ஆனால் என் லேப்டாப்பில் ஒரு விடை, லேப் கம்ப்யூட்டரில் வேறு விடை. வித்தியாசம் சின்னதுதான். பேப்பர் அனுப்பும் நேரம். கைடிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில், பேப்பரை இப்போது அனுப்ப வேண்டாம். வித்தியாசம் சின்னதா பெரியதா என்பது அப்புறம். இரண்டில் எது சரி என்று இன்று உங்களால் சொல்ல முடியவில்லை, அதுதான் பிரச்சினை.

உங்கள் துறையிலேயே இது நடந்திருக்கிறது. என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்துக் கண்டறியும் முறை) கணக்குகளுக்காக 2014-ல் வெளியான பைத்தான் புரோகிராம் ஒன்றைப் பலரும் பயன்படுத்தி வந்தார்கள். 2019-ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஓட்டியபோது, ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினால் விடையும் மாறியது. ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை எடுத்துத் தரும் ‘குளோப்’ கட்டளைதான் காரணம். ஃபைல்கள் பெயர் வரிசைப்படி வரும் என்று நம்பி அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருந்தது. பைத்தான் அப்படி எந்த உத்தரவாதமும் தருவதில்லை; சிஸ்டம் எந்த வரிசையில் கொடுக்கிறதோ, அப்படியே தரும். வரிசை பிசகினால் ஒரு ஃபைலின் எண் வேறொன்றோடு ஜோடி சேர்ந்துவிடும். எர்ரர் எதுவும் வராது. அந்த வரியில், பெயர்களை வரிசைப்படுத்தும் ‘சார்ட்டட்’ என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

உங்கள் புரோகிராமிலும் ‘குளோப்’ அல்லது அதேபோல ஃபைல் பட்டியல் தரும் ‘லிஸ்ட்டிர்’ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டு கம்ப்யூட்டரிலும் ‘பிப் ஃப்ரீஸ்’ (எந்தெந்த பைத்தான் தொகுப்புகள் இருக்கின்றன என்று பட்டியலிடும் கட்டளை) கொடுத்து, கணக்குத் தொகுப்புகளான நம்பை, சைபை வெர்ஷன்களை ஒப்பிடுங்கள். ரேண்டம் எண்கள் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வரச் செய்யும் ‘சீட்’ வைத்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

காரணம் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். கையாலேயே கணக்குப் போடக்கூடிய அளவுக்கு, மூன்று நான்கு ஃபைல்கள் கொண்ட சின்ன டேட்டா ஒன்றைத் தயார் செய்யுங்கள். விடையை நோட்டில் போட்டு எடுத்து, புரோகிராமுக்கும் அதே விடை வருகிறதா என்று சோதித்து, வராவிட்டால் எர்ரர் காட்டும் ‘அசெர்ட்’ வரி ஒன்றை எழுதிவையுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு ஃபைலை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். புரோகிராம் எர்ரர் காட்டி நிற்க வேண்டும். சத்தமில்லாமல் ஏதோ ஒரு எண்ணைத் தந்தால் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். இதற்கு ஒரு நாள் போனாலும் போகட்டும்.

கம்பெனிகளில் செய்வதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’ என்று ஃபைல் சேர்ப்பதை விட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்துவைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில் நாலைந்து கட்டளைகள் கற்றுக்கொண்டால் போதும். மூன்றாவது படம் எந்த வெர்ஷனில் வந்தது என்று ரிவ்யூவர் ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் பதில் இருக்கும். மூல டேட்டாவை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்து, கை வைக்காமல் விடுங்கள்.

கைடிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ‘சார், ஏதோ தப்பு’ என்று மட்டும் போய் நிற்காமல், இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் காட்டுங்கள். பேப்பர் வெளியான பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது அவருக்கும் நல்லதுதான். சீனியருக்கும் ஒரு ஃபோன் போடுங்கள். இதே புரோகிராமை வைத்து அவர் பேப்பர் போட்டிருந்தால், அவரும் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.