அமெரிக்கால பையனோட மார்க்க வச்சு கார் இன்சூரன்ஸ் குறைக்க முடியுமா?

16 வயசு பையன பாலிசில சேர்த்ததும் பிரீமியம் எகிறிடுச்சு, நல்லா படிக்கிறவன், ஏதாவது குறையுமான்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா குறையும்ங்க, ஆனா நீங்களாதான் கேக்கணும். குட் ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட்னு பேரு, ஃபுல்டைம் மாணவனா இருந்து பி ஆவரேஜ், அதாவது ஜிபிஏ (4-க்கு கணக்கு பண்ற சராசரி மார்க்) 3.0 இருந்தா பெரும்பாலான கம்பெனில கிடைக்கும், ஸ்டேட் ஃபார்ம்ங்கற இன்சூரன்ஸ் கம்பெனில 25% வரைக்கும் கூட தராங்க. ரிப்போர்ட் கார்ட ஸ்கேன் பண்ணி ஏஜென்டுக்கு அனுப்புங்க. எங்க பொண்ணுக்கு அடுத்த வருஷம் புது மார்க்ஷீட் அனுப்ப மறந்துட்டோம், டிஸ்கவுண்ட் சத்தமில்லாம போயிடுச்சு, பில்ல பாத்துதான் தெரிஞ்சுது, அதனால ரினியூவலுக்கு முன்னாடியே காலண்டர்ல குறிச்சு வச்சுக்குங்க. அப்புறம் காலேஜுக்கு கார் இல்லாம 100 மைலுக்கு மேல தள்ளிப் போனா அதுக்கு தனி டிஸ்கவுண்ட் இருக்கு, அதையும் விட்டுடாதீங்க.